சுரண்டிப் பார்த்த சுவர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் செய்தது சரியா தவறா என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

காலை ஆறரைக்குக் கடல் நன்றாக வற்றியிருந்தது. உப்பந்துறைப் படகு வழிக்கு வடக்கே, குழாய்ப்புழுக்கள் கட்டியிருக்கும் புழுச்சுவருக்குத் தனியாகப் போனேன். முழங்கால் அளவு தண்ணீர். கடலுயிர் மாலை வகுப்பில் கொடுத்த சதுரச் சட்டம், பென்சில், இந்த நோட்டு, இவ்வளவுதான் கையில். சட்டத்தைச் சுவர்மேல் பத்து இடங்களில் வைத்து, உள்ளே தெரியும் குழாய்களை வகைவாரியாக எண்ண வேண்டும். அதுதான் செய்முறைப் பாடம்.

குழாய்ப்புழுக்கள் எனக்குப் புதிதல்ல. தீக்குச்சி நீளம்கூட இல்லாத உயிர். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பாலோ மணலாலோ ஒரு குழாய் கட்டிக்கொண்டு, தலையில் இருக்கும் விசிறியை மட்டும் வெளியே நீட்டிப் பிழைக்கும். படகின் அடியில் ஒட்டினால் படகு கனத்து வேகம் குறையும். பகலில் படகுத் தளத்தில் அவற்றைச் சுரண்டி எடுப்பதுதான் என் வேலை. சாயங்காலம் அவற்றின் பெயர்களைப் படிக்கிறேன்.

பத்துச் சதுரங்களில் ஒன்பதில் வேலிப்புழு மட்டுமே இருந்தது, கடலைத் தடுக்க நிறுவனம் விதைக்கும் வகை. ஒன்றில் வேறு இரண்டு வகை. அப்படியே எழுதினேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். மாறவில்லை.

அப்போது அலைவேலி நிறுவனத்தின் நவநீதன் சார் தண்ணீரில் வந்தார். தோளில் அவர்களுடைய கண்பெட்டி. அதைக் காட்டினால் குழாயைப் பார்த்து வகையைச் சொல்லிவிடும்.

"நீங்களும் எண்ணுறீங்களாம்மா? எவ்வளவு வந்தது?"

நோட்டைக் காட்டினேன். கேட்டால் காட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

"எங்க பெட்டியும் இதையேதான் சொல்லுது. இது நாங்க தெற்குக் கரையில விதைச்ச புழு. மத்தது ஒரு வருஷத்துல கட்டுறதை இது ஒரு மாசத்துல கட்டும். கடல் ஏறி வந்தப்ப எத்தனை ஊரைக் காப்பாத்துச்சு, உங்களுக்கே தெரியும். அதோட குஞ்சு மிதந்து வந்து இங்க சுவர் கட்டியிருக்கு."

"கட்டினா நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனா சட்டப்படி, சுவரோட உடம்புல பாதிக்கு மேல யார் விதைச்ச புழுவோ, சுவர் அவங்களுது. சுவருக்கு முன்னாடி அரைக் கிலோமீட்டர் கடலும் அவங்க பொறுப்பு."

"அப்ப எங்க படகு வழி?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "வழியை மூடுவாங்கம்மா. படகு ஓடிட்டிருந்தா சுவர் சேராது. படகைத் துறைமுகத்துல கட்டிக்கலாமே, பன்னிரண்டு கிலோமீட்டர்தானே? சுவர் யாருதுன்னு பதினேழாம் தேதி விசாரணை. அதுல உங்க எண்ணிக்கையையும் சேர்த்துக்கறேன். ஊர்ப் பிள்ளையே எண்ணினதுன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

படகு வராவிட்டால் படகுத் தளம் இல்லை. தளம் இல்லாவிட்டால் நாங்கள் இருபத்து மூன்று பேருக்கும் வேலை இல்லை. இது எனக்கு உறைத்தபோது அவர் கரை ஏறிவிட்டார்.

மார்ச் 4, புதன்

ஊர்க் கமிட்டித் தலைவர் ரொமால்ட் மாமா தளத்துக்கே வந்துவிட்டார். போனில் நவநீதன் சார் எடுத்த என் நோட்டின் படம்.

"இது ஆரு கையெழுத்து? நம்ம பிள்ளையே கையெழுத்துப் போட்டுக் கடலை எழுதிக் குடுத்திருக்கு! படிக்கப் போறேன் படிக்கப் போறேன்னு போனியே, இதுக்கா?"

"உள்ளதைத்தான் எழுதினேன் மாமா."

"உள்ளதை எழுத உன்னை எவன் கேட்டான்?"

படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்த அமலோற்பவம் அக்கா தலையை மட்டும் வெளியே நீட்டினாள். முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தளத்தில் இருக்கிறவள்.

"தலைவரே, பிள்ளையைப் பிறகு ஏசலாம். இந்தப் படகுக்காரரை இங்கிட்டு அனுப்பும்."

படகுக்காரர் வந்தார். அக்கா கையில் ஒரு வெள்ளைக் கொத்து.

"நாகப்பட்டினத்திலேயே கிடந்துச்சுன்னு சொன்னிய. இது கொச்சிச் சுருள். ரெண்டு மாசமாவது கொச்சியில கட்டிக் கிடந்திருக்கு."

அவர் முகம் சிவந்தது. "வீட்டுல சொல்லிறாதம்மா. அங்க மச்சான் ஒருத்தன் கடையில நின்னேன்."

"மச்சானா, மச்சானோட தங்கச்சியா?" என்றாள் ஒருத்தி. தளமே சிரித்தது. ரொமால்ட் மாமாவும் சிரித்துவிட்டு, கோபமாக இருக்க வேண்டும் என்று நினைவு வந்ததும் போய்விட்டார்.

எங்கள் தளத்தில் புழுக்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எல்லாமே துறைகளின் பெயர்கள். கொச்சிச் சுருள், பாம்பன் நூல், யாழ்ப்பாணக் குழல், காரைக்கால் பீங்கான். படகு எங்கே நின்றதோ அந்த ஊர்ப் புழு அதன் அடியில் ஏறிக்கொள்ளும். வகுப்பில் 'பரவல்' என்று வரைபடம் போட்டுச் சொல்லித் தருகிறார்களே, அதுதான் இது. அக்காவுக்கு வரைபடம் வேண்டியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் அதற்குள் வேலிப்புழுவுக்கு என் பெயரையே போட்டுப் 'பிரிஸ்கா சுருள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏட்டி, சுவரை எப்படி எண்ணின?"

"சட்டத்தை மேல வச்சு, உள்ள தெரியறதை எண்ணினேன்க்கா."

"படகை மேலாப்புல பாத்து எந்த ஊருன்னு சொல்லுவியா?"

"மாட்டேன்."

"பிறகு? சுரண்டித்தானே பாப்போம்?"

மூன்று வருஷமாக நாள் முழுக்கச் செய்யும் வேலை. நோட்டைக் கையில் எடுத்ததும் மறந்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து பத்தரைக்குக் கடல் வற்றியது. வகுப்பாசிரியர் ஷெரின் மிஸ் அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்திருந்தார். படிப்புக்காகச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மேலிருந்து அடிவரை வெட்டலாம். நானே நவநீதன் சாருக்கும் சொல்லி அனுப்பினேன். யாரும் பார்க்காமல் வெட்டினால் நாளைக்கு அது கணக்கில் நிற்காது. இதைச் சொன்னதும் ரொமால்ட் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

நவநீதன் சார் வந்தார். வெட்டுவதற்குச் சட்டத்தை அவரே பிடித்துக்கொண்டார். வெட்டின துண்டின் உயரம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அதைக் கரையில் சாக்கின்மேல் கிடத்தி, கறுப்புத் துணியால் மூடி, அவருடைய விளக்கை அடித்தார். வேலிப்புழுவின் பசை மட்டும் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னும்.

மேலே நாலு விரல்கடை மின்னியது. அதற்குக் கீழே எல்லாம் இருட்டு.

அவர் விளக்கை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். நான் எண்ணிக்கையைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவரும் பார்க்கிறார் என்று தோன்றியது.

"பெட்டி மேல்தோலைத்தான் பாத்திருக்கு," என்றார் கடைசியில்.

"நானும்தான் சார்."

பிறகு துண்டை அடுக்கு அடுக்காகப் பிரித்தேன். ஒன்றரை மணி நேரம். வேலிப்புழுவைத் தவிர்த்துப் பதினேழு வகை வந்தது. என் கண்மேல் நம்பிக்கை இல்லாமல் மூன்று முறை எண்ணினேன். கொச்சிச் சுருள் இருந்தது. யாழ்ப்பாணக் குழல் இருந்தது. அந்தமானிலிருந்து வரும் படகுகளில் மட்டும் நான் பார்த்திருக்கும் ஊதாக் குழாய்கூட இருந்தது. எங்கெங்கோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வாழ்கிறவை உப்பந்துறையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எப்படி? மிதந்து வர முடியாத தூரம். நான்தான் தப்பாக அடையாளம் காண்கிறேனோ?

அடுக்குகளுக்கு இடையே செதில் செதிலாக எதுவோ இருந்தது. சிவப்பு, நீலம், பச்சை. இன்னும் கீழே துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று. கழுவிப் பார்த்தேன். சுரண்டியின் அலகு. முனையில் எங்கள் தளத்தின் அடையாளமான மூன்று கோடு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்ன இது, பெயின்ட்டா?" என்று நவநீதன் சார் கேட்டார்.

"தெரியலை சார்."

இந்த நோட்டில் வரும் முதல் பொய் இது. வாயால்தான் சொன்னேன். இப்போது எழுதியும் விட்டேன்.

மார்ச் 9, திங்கள்

தளத்துச் சுவரில் பெரிய பலகை இருக்கிறது. 'சுரண்டிய கழிவைக் குழியில் போட்டு மூடவும். கடலில் கொட்டுவோரின் வேலைச் சீட்டு பறிக்கப்படும்.' அந்தப் பலகையின் கீழ் நின்றுதான் தினமும் கூடைகளை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறோம். வற்றுக்கடலில் இறங்கி, வடக்கே ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வருகிறோம். நானும் மூன்று வருஷமாகக் கொட்டியிருக்கிறேன். குழி மாதா கெபிக்குப் போகும் பாதையில் இருக்கிறது. ஓடுகள் குத்திப் பிள்ளைகளின் கால் கிழியும். நாலு நாளில் ஊரே நாறும். அதனால் எனக்கு முந்தியவர்கள், அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள்.

அக்காவிடம் அலகைக் காட்டினேன். அவள் மூன்று கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது செலஸ்தின் அக்கா தொலைச்சதா இருக்கும். அவ செத்தே இருபது வருஷம் ஆச்சு. எங்க கிடந்துச்சு?"

"சுவருக்குள்ளக்கா. நம்ம கொட்டினதுதான் சுவர்."

"செத்ததைத்தானே கொட்டினோம்?"

"எல்லாம் சாகலைக்கா. குழாய் உடைஞ்சா புழு பயந்துபோய் வயித்துல இருக்கற முட்டையை எல்லாம் விட்டுரும்னு மிஸ் சொன்னாங்க. அந்தக் குஞ்சுக தன் இனத்தோட பழைய குழாய் கிடக்கற இடமாப் பாத்து ஒட்டுமாம். நம்ம தினமும் சுரண்டினோம். தினமும் ஒரே இடத்துல கொட்டினோம்."

"அப்ப விதைச்சது நம்மளா?"

"ஆமா. ஆனா அதைச் சொன்னா சீட்டு போயிரும்க்கா. இருபத்து மூணு பேருக்கும்."

"சொல்லலைன்னா?"

"வழி போயிரும்."

அக்கா அலகை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ உன் எண்ணிக்கையை ஒழுங்கா எழுது. மத்ததை நான் யோசிக்கேன்."

மார்ச் 12, வியாழன்

ஷெரின் மிஸ் பதினேழு வகையையும் உருப்பெருக்கியில் பார்த்துப் பட்டியல் போட்டுத் தந்தார். என் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். நான் பெயர் எழுதாமல் விட்ட ஆக அடி மணல் குழாயைத் தவிர இரண்டும் ஒன்றே. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரொம்பப் பெருமைப்படாதே," என்றார் மிஸ். "இதுல பெரும்பாலும் வந்தேறி. படகுல தொத்தி வந்தது. இந்தக் கரையோட சொந்த உயிர் சிலதை இது நெருக்கி விரட்டியும் இருக்கும். கேட்டா அதையும் சொல்லணும்."

சொல்வேன் என்றேன். நாங்கள் செய்ததில் கெடுதலும் உண்டு என்பதை இங்கேயும் எழுதுகிறேன். ஆனாலும் பெருமை குறையவில்லை. அது சரிதானா என்று தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

விசாரணை பத்து மணிக்கு. தளத்துப் பெண்கள் எல்லாரும் பின்பெஞ்சுகளில். அதிகாரி ஓர் அம்மா, அதிகம் பேசாதவர். மேசைமேல் பதினேழு கண்ணாடிக் குப்பிகள், எண் மட்டும் ஒட்டியவை.

நிறுவனத்தின் வக்கீல் முதலில் என் மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திரையில் காட்டினார். என் கையெழுத்து சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"எட்டாம் தேதி வேற மாதிரி எழுதியிருக்கீங்க. எது பொய்?"

"ரெண்டும் உண்மை சார். முதல்ல மேல பாத்தேன். பிறகு வெட்டிப் பாத்தேன்."

நவநீதன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் விளக்கில் கண்டதை அப்படியே சொன்னார். நாலு விரல்கடை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

வக்கீல் என்னிடமே திரும்பினார். "கொச்சிப் புழு, அந்தமான் புழுன்னு எழுதியிருக்கீங்க. அது எப்படிம்மா உப்பந்துறைக்கு வரும்? பஸ் ஏறியா?"

அறையில் சிரிப்பு. பதில் எனக்குத் தெரியும். அது என் ஒருத்தியின் பதில் அல்ல.

"அதனால, மாலை வகுப்பு மாணவி வகையைத் தப்பாப் பாத்துட்டாங்கன்னு..."

"தப்பாப் பாக்கலை."

அமலோற்பவம் அக்கா எழுந்து முன்னால் வந்துகொண்டிருந்தாள். வேலைக்கு வரும் அதே சேலை, மேலே அதே சட்டை.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"படகுச் சுரண்டுறவ. அந்தக் குப்பியை இங்க தாங்கம்மா. பிள்ளை சொன்னது சரியா இல்லையான்னு நான் சொல்லுதேன்."

அதிகாரி மிஸ்ஸின் பட்டியலைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முதல் குப்பியை நீட்டினார். அக்கா குழாயைக் கையில் கொட்டி, நகத்தால் கீறி, காதோரம் வைத்து நொறுக்கிப் பார்த்தாள்.

"கொச்சி."

அடுத்தது. "பாம்பன். தெக்குவாடி இல்ல, வடக்குவாடி."

அடுத்தது. "யாழ்ப்பாணம்."

அதிகாரியின் பேனா ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டது. வக்கீல் எட்டிப் பார்த்தார். பதினாறு குப்பி. பதினாறு கோடு. சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

பதினேழாவது குப்பியில் அக்கா நின்றாள். துண்டின் ஆக அடியிலிருந்து எடுத்த மணல் குழாய் அது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியாது. எந்தப் படகுலயும் நான் பாத்ததில்லை."

தெரிந்ததுபோல ஏதாவது ஓர் ஊரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரி," என்றார் அதிகாரி. "இதெல்லாம் இங்க எப்படி வந்தது?"

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அலகை மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் தன் வேலைச் சீட்டையும் வைத்தாள்.

"நாங்க கொட்டினோம். குழியில போடாம கடல்ல கொட்டினோம். நாப்பது வருஷமா, ஒரே இடத்துல."

பின்பெஞ்சில் ஒருத்தி தன் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் முன்னால் நின்றிருந்ததால் எழுந்திருக்க வழியில்லை. அதனால் என் சீட்டை எடுத்து அக்காவின் சீட்டின்மேல் வைத்தேன்.

வக்கீல் முகம் மலர்ந்தது. "குற்றத்தை ஒப்புக்கறாங்க. இதைப் பதிவு பண்ணணும்."

"பண்றேன்," என்றார் அதிகாரி. "கடல்ல கொட்டினது தனி விசாரணை. அது முடியற வரை சீட்டுகள் இங்க இருக்கும். இப்ப சுவர். சட்டம் என்ன சொல்லுது? நீங்களே வாசிங்க."

வக்கீல் வாசித்தார். பாதியிலேயே அவர் குரல் மெதுவானது. 'சுவரின் உடலில் பாதிக்கு மேல் எவர் விதைத்த புழுவோ, அவரே சுவரின் உரிமையாளர்.' அவருடைய நிறுவனமே கேட்டு வாங்கிய வரி.

"தெரிஞ்சு விதைச்சாத்தானே விதை?" என்றார்.

"அப்படி ஒரு வார்த்தை இதுல இருக்கா?"

இல்லை. தன் புழு தானாக மிதந்து போய்க் கட்டும் சுவரும் தனக்கே வேண்டும் என்றுதான் நிறுவனம் அந்த வார்த்தையைப் போடவிடவில்லை என்று நவநீதன் சார் பிறகு வாசலில் சொன்னார்.

அதிகாரி படிவத்தை எடுத்தார். "வழி மூடப்படாது. உரிமையாளர் பெயர்?"

"இருபத்து மூணு பேரு," என்றாள் அக்கா.

"கட்டம் சின்னதா இருக்கும்மா."

"அப்ப பொடிசா எழுதுங்க."

எழுதினார். செலஸ்தின் பெயரையும் எழுதச் சொன்னாள் அக்கா. செத்தவர் பெயரை எழுத முடியாது என்றார் அதிகாரி. ஆனால் அலகைச் சான்றுப் பட்டியலில் சேர்த்து, யாருடையது என்பதற்கு எதிரே அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

மார்ச் 18, புதன்

சீட்டு இல்லாததால் இன்று வேலை இல்லை. எத்தனை நாள் என்று தெரியாது. ஆனாலும் காலையில் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டோம். சுவருக்குத் தெற்கே படகுகள் வழக்கம்போல வழியில் ஏறின. ரொமால்ட் மாமா ஒவ்வொரு படகையும் நிறுத்தி, "யாரைக் கேட்டு வாரீய? முதலாளியம்மாக்கள்ட்ட கும்பிடு போட்டுட்டுப் போங்க," என்று அலம்பல் பண்ணிக்கொண்டிருந்தார்.

சுவரின் உரிமையாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வகைகளை எண்ணி அனுப்ப வேண்டும். முதல் படிவம் என் கையில். வகை, வந்த இடம் என்று இரண்டு பத்தி. பதினாறு வரி நிரப்பினேன். வேலிப்புழுவை எழுதுவதா வேண்டாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"எழுது. நாலு விரல்கடை அதுவும் கட்டியிருக்குல்ல? பேரு தெரியும்தானே?"

"வேலிப்புழு."

"பிரிஸ்கா சுருள்," என்றாள். எழுதினேன்.

மிச்சம் அந்தப் பதினேழாவது. மத்தியானம் ஷெரின் மிஸ் போனில் கூப்பிட்டு அதன் கதையைச் சொன்னார். அது படகில் ஏறாத புழு. மணலை விட்டு நகராது. பெயர் தெரியாததற்கு அக்காவைக் குறை சொல்ல முடியாது, அவள் பார்த்ததெல்லாம் பயணம் வந்தவைதான். இது ஆதியிலிருந்தே இந்தக் கரையில் இருப்பது. இளகிய மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது கீழே பிடிக்காமல் போயிருந்தால் நாங்கள் கொட்டியது அத்தனையும் அலை கொண்டு போயிருக்கும். பக்கத்தில் கிடைக்கும் சிப்பித் துண்டையும் குப்பையையும் எடுத்துத் தன் குழாயில் ஒட்டிக்கொள்வது அதன் வழக்கம் என்றும் சொன்னார்.

குப்பியைத் திறந்து வெயிலில் பார்த்தேன். மணல் குழாய் நெடுக, சிவப்பும் நீலமும் பச்சையுமாக, எங்கள் படகுகளின் பெயின்ட் செதில்கள். ஒன்றுகூட விழாமல் வரிசையாக ஒட்டி வைத்திருந்தது.

அக்கா அதை வாங்கி நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு என் பென்சிலைப் பார்த்தாள்.

"என்ன யோசிக்க? ஊர்ப் பேரைத்தானே வைப்போம்?"

வகை பதினெட்டு: உப்பந்துறைக் குழல். வந்த இடம் என்ற கட்டத்தில் 'இங்கேயே' என்று எழுதினேன். ஒரு முறைதான் எழுதினேன். திரும்பச் சரிபார்க்கவில்லை.